திருக்கைக்குப் பாசி சொன்ன சேதி

தாழங்கழியில் விசாலம் என்று ஒரு திருக்கை வந்து தங்கியிருந்தாள். பெயருக்கேற்ற உடம்பு. முறத்தை விட அகலம், ஆனால் அடை மாதிரித் தட்டை. பின்னால் சாட்டை போல ஒரு வால், வாலில் ஒரு முள். அந்த முள்ளுக்குப் பயந்து கெளுத்திகூட அவளைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

தாழங்கழி, ஆறு கடலைத் தொடுகிற இடம். மழைக்காலத்தில் ஆறு வேகமாக வந்து, வழியில் கிடக்கும் மணலைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் பாயும். அப்போது முகத்துவாரம் நன்றாகத் திறந்திருக்கும். கடலில் இருக்கும் தாய் மீன்கள் பிள்ளை பெற உள்ளே வரும். உள்ளே அலை கிடையாது, சுறா கிடையாது, இறாலுக்குப் பஞ்சம் கிடையாது. விசாலமும் அப்படித்தான் வந்தாள். இரண்டு குட்டிகள் பிறந்தன. இரண்டும் தாயைப் போலவே வட்டமாக, ஆளுக்கொரு சின்ன வாலோடு இருந்தன.

ஆனால் கழிக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏற ஏற ஆறு இளைக்கும். ஆறு இளைத்தால் கடல் சும்மா இருக்குமா? மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைத்துவிடும். அதற்குள் வெளியே போகாதவர்கள் உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள். தண்ணீர் நாளுக்கு நாள் சுண்டும், சூடேறும், உப்புக் கரிக்கும். கடைசியில் கொக்குகளுக்குத்தான் விருந்து. இது நேற்றுப் பிறந்த இறாலுக்கும் தெரியும். விசாலத்துக்கும் தெரியும். தெரிவது வேறு, வேளைக்கு ஞாபகம் வருவது வேறு.

கழியின் உள்கரையில் ஒரு கரடு, சின்னக் குன்று. அதன் அடியில், தண்ணீருக்கு மேல் குனிந்தபடி ஒரு கரும்பாறை. கரட்டுக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் கசிந்து பாறையை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாசி ஒட்டிக்கொண்டிருந்தாள். பெயர் பச்சையம்மா. வேர் கிடையாது, பூ கிடையாது, காய் கிடையாது. தண்ணீர் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் தூக்கம். அவ்வளவுதான் அவள் குடித்தனம்.

திருக்கைக்குக் கண் முதுகுப் பக்கம், வாய் வயிற்றுப் பக்கம். பார்ப்பதைத் தின்ன முடியாது, தின்பதைப் பார்க்க முடியாது. பாறை நிழலில் மணலைப் போர்த்திக்கொண்டு படுத்தால் விசாலத்தின் கண்ணுக்கு நேரே தெரிவது பச்சையம்மாதான். அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் மாதிரி இருவரும் பேசப் பழகிவிட்டார்கள்.

"ஒட்டின இடத்துலயே கெடக்கிறியே பச்சையம்மா, சலிப்பா இல்லையா?"

"எதுக்குச் சலிக்கணும்? மேல வானம், கீழ நீ. போதாதா?"

"நான் எத்தனை கடல் பாத்தவ தெரியுமா? பவளப் பாறையில படுத்திருக்கேன். ஆமைங்க மேயற புல்லு வெளியில திரிஞ்சிருக்கேன்."

"சொல்லேன், கேப்போம். நான் போகாத ஊரெல்லாம் நீ சொல்லித்தானே தெரியணும்."

விசாலம் சொல்லுவாள். பச்சையம்மா ஆசையாகக் கேட்பாள். 'அப்புறம்?' என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தால் சொல்கிறவளுக்கு நேரம் போவது தெரியுமா? குட்டிகள் அம்மாவின் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டு அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். இப்படியே போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. நடுவில் எடைமுத்து வந்து சேர்ந்தான்.

எடைமுத்து ஒரு நண்டு. ஒரு கொடுக்கு அவன் உடம்பை விடப் பெரிது. இன்னொரு கொடுக்கு நெல்மணி அளவு. நீர் வற்றும் நேரத்தில் தன் வளை வாசலில் சேற்று மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவான். அவன் தொழில், ஒப்புப் பார்ப்பது. இரண்டு பேரில் யார் பெரியவர் என்று சொல்வது.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தான். ஒருவர் பெயரைப் பெரிய கொடுக்கில் வைப்பான். இன்னொருவர் பெயரைச் சின்னக் கொடுக்கில் வைப்பான். இரண்டையும் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வான். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அவர் பெரியவர். பெரிய கொடுக்குத் தாழாமல் வேறெது தாழும்? இதை ஒருவரும் கேட்கவில்லை. ஜெயித்தவர் ஏன் கேட்கப் போகிறார்? தோற்றவர் கேட்டால் பொறாமை என்பார்கள். யார் பெயர் பெரிய கொடுக்குக்குப் போகும் என்கிறீர்களா? ஆழத்திலிருந்து கொழுத்த சேறு ஒரு வாய் அள்ளிக்கொண்டு வந்து எடைமுத்துவுக்குக் கொடுப்பவர் பெயர்தான் போகும். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அவன் வயிறு என்றைக்கும் நிறைந்தே இருந்தது.

ஒருநாள் அவன் பக்கவாட்டில் நடந்து பாறையடிக்கு வந்தான்.

"அக்கா, கழியில எல்லாருக்கும் ஒப்புப் பாத்தாச்சு. மடவை மீனுக்கும் கெளுத்திக்கும் பாத்தேன். மீன்கொத்திக்கும் நாரைக்கும் பாத்தேன். நீங்க மட்டும்தான் பாக்கி."

"என்னை யாரோட வச்சுப் பாப்ப தம்பி?"

"இதோ இருக்காளே, மேல ஒட்டிக்கிட்டு."

விசாலம் சிரித்துவிட்டாள். "பாசியோடயா? நல்லா இருக்குப்பா உன் நியாயம்."

"சிரிக்காதீங்க அக்கா. ஊர்ல ஒரு பேச்சு இருக்கு."

"என்ன பேச்சு?"

"திருக்கை நேத்து வந்தவ, பாசிதான் இங்க காலங்காலமா இருக்கறவ, அதனால பாசிதான் பெரியவன்னு பேசிக்கிறாங்க."

அப்படி ஒரு குருவிகூடப் பேசவில்லை. ஆனால் இந்தச் சொல் விசாலத்துக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. உடனே ஆழத்துக்குப் போனாள். நல்ல கறுப்புச் சேறாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்தாள்.

எடைமுத்து சேற்றை ருசி பார்த்துவிட்டுக் கொடுக்குகளைத் தூக்கினான். "முதல்ல அகலம். பச்சையம்மா, உன் அகலம் என்ன?"

"உள்ளங்கை அகலம் இருக்கும். மழை பெஞ்சா ஒரு விரல் கூடும்" என்றாள் பாசி.

பெரிய கொடுக்குத் தாழ்ந்தது. "அகலத்துல விசாலம் அக்கா பெரியவ!" என்று எடைமுத்து கூவினான். மேட்டைச் சுற்றி இருந்த சின்ன நண்டுகள் கொடுக்குகளை ஆட்டின. விசாலத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்படி ஒரு சுகத்தை அவள் பவளப் பாறையிலும் கண்டதில்லை.

மறுநாளும் சேறு கொண்டு போனாள். வேகம் பார்த்தார்கள், அவள்தான். அதற்கடுத்த நாள் ஆயுதம் பார்த்தார்கள், அவள்தான். பிள்ளை பார்த்தார்கள். "அவளுக்கு முழுசா ரெண்டு பிள்ளை. உனக்கு?" என்று எடைமுத்து கேட்டான். "நான் காத்துல பொடி தூவி விடுவேன். எங்க விழுந்து எது மொளைச்சுதோ, யார் கண்டா?" என்றாள் பச்சையம்மா. அதிலும் விசாலம்தான்.

ஒரே ஒருநாள் பச்சையம்மா தானாக வாய் திறந்தாள். "எலும்பைப் பாரேன் எடைமுத்து. அவ உடம்புல கெட்டி எலும்பு கிடையாது. எனக்கும் கிடையாது. அவ மணல்ல அப்பிக் கெடக்கா, நான் கல்லுல அப்பிக் கெடக்கேன். பாத்தா நாங்க ரெண்டு பேரும் ஒரே சாடையாத்தான் இருக்கோம்."

"சமமா வர்றதெல்லாம் ஒப்புல சேராது" என்று சொல்லிவிட்டான் எடைமுத்து.

விசாலத்துக்கோ கோபம் வந்தது. நானும் இவளும் ஒரே சாடையா? அன்றிலிருந்து அவள் கடல் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். பாறையடியில் படுத்து மேலே பார்ப்பாள். பார்ப்பது பேசுவதற்கு அல்ல. இன்னும் எதில் இவள் குறைச்சல், நாளைக்கு எதை ஒப்புக்கு வைக்கலாம் என்று தேடுவதற்கு. குட்டிகள் கதை கேட்டால், "இரு, அம்மா யோசிக்கிறேன்ல" என்று தள்ளிவிடுவாள்.

வெயில் ஏறியது. கரட்டின் கசிவு மெலிந்தது. ஒருநாள் காலையில் பச்சையம்மாவின் ஓரம் பழுப்பு நிறமாகியிருந்தது.

"விசாலம்" என்று அவள் கூப்பிட்டாள். "கசிவு நிக்கப் போவுது. இங்க நின்னா ஆத்துலயும் நிக்கும். வருஷா வருஷம் இப்படித்தான், நான் பழுத்தா பின்னாலயே வாய் மூடும். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு."

விசாலம் பழுப்பு ஓரத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது வேறு. "வாடிப் போயிட்டியே பச்சையம்மா" என்றாள். குரலில் சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"வாடத்தான் செய்வேன். தண்ணி இல்லைல்ல. நான் சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது, விழுந்துது."

நேரே எடைமுத்துவிடம் போனாள். அவன் கால்களைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"புரியலையா அக்கா? தோத்துத் தோத்து அவமானத்துல கருகறா. நீங்க இங்க இருந்தா அவளுக்கு ஆகலை. அதான் கிளம்பு கிளம்புன்னு விரட்டறா. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க. முழுசா கருகட்டும். அன்னிக்குத் 'தாழங்கழிப் பெரியவள்'னு உங்களுக்குப் பட்டம் கட்டிடறேன். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் கட்டாத பட்டம்."

பட்டம் என்றதும் விசாலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

மடவைக் கூட்டம் கடலைப் பார்த்துப் புறப்பட்டது. போகிற போக்கில் ஒரு மடவை கேட்டது. "அக்கா, வரலையா? வாய் குறுகிக்கிட்டே வருது."

"நீங்க போங்க. எனக்கு இங்க ஒரு முக்கியமான காரியம் இருக்கு" என்றாள் விசாலம்.

பச்சையம்மா இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் குரல் மெலிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தரமும் விசாலம் அவள் எவ்வளவு பழுத்திருக்கிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டாள். கடைசியில் ஒருநாள் பாசி முழுவதும் காய்ந்து, சுருண்டு, பாறையில் அப்பிய துருவைப் போல ஆகிவிட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை.

அன்றைக்கு எடைமுத்து பட்டம் கட்டினான். பெரிய கொடுக்கைத் தலைக்கு மேல் தூக்கி, "தாழங்கழிப் பெரியவள் விசாலம் அக்கா!" என்று மூன்று பக்கமும் திரும்பிக் கூவினான். கேட்பதற்குச் சின்ன நண்டுகளைத் தவிர யாருமில்லை. மற்றவர்கள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டார்களே!

சரி, பட்டம் கிடைத்தாயிற்று, இனிக் கடலுக்குப் போய் எல்லாரிடமும் சொல்லலாம் என்று விசாலம் குட்டிகளோடு முகத்துவாரத்துக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆறு பாய்ந்துகொண்டிருந்த இடத்தில் மணல் மேடு. நடுவில் ஒரே ஒரு சின்ன ஓடை. ஒன்றரைச் சாண் அகலம் இருக்கும். குட்டிகள் இரண்டும் சறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டன. விசாலம் போனாள், தோள் இடித்தது. உடம்பைச் சாய்த்துப் பார்த்தாள், மணலில் மாட்டியது. பின்னுக்கு வந்து வேகமாக மோதிப் பார்த்தாள், மேடுதான் சரிந்து ஓடையை இன்னும் குறுக்கியது. எந்த அகலத்தை முதல் நாள் ஒப்புக்கு வைத்து ஜெயித்தாளோ, அந்த அகலமே இன்றைக்குக் குறுக்கே நின்றது.

கரையில் எடைமுத்து நின்றிருந்தான்.

"தம்பி, நீதானே என்னை அத்தனை தரம் அளந்தவன். இதுல எப்படிப் போறதுன்னு ஒரு வழி சொல்லு."

எடைமுத்து கண்களை உயர்த்தி ஓடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எனக்கு ஒப்புப் பாக்கத்தான் தெரியும் அக்கா. வழி பாக்கத் தெரியாது" என்றான். பொய் சொல்லத் தெரிந்தவன் அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட்டான்.

"போங்கடா கண்ணுங்களா" என்று விசாலம் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "அம்மா பின்னால வரேன். நீங்க போங்க."

குட்டிகள் கடலைப் பார்த்தன. பார்த்த இடமெல்லாம் தண்ணீர். எந்தப் பக்கம் போவது, எதைத் தின்பது, யாருக்குப் பயப்படுவது என்று அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் ஓடை வழியாகத் திரும்ப உள்ளே வந்து அம்மாவின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டன. கடல் ஏறிய நேரத்தில் அலைகள் இன்னும் கொஞ்சம் மணலைக் கொட்டின. ஓடையும் மூடிவிட்டது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான். விசாலம் குட்டிகளோடு பாறையடிக்கே திரும்பினாள். கழியில் இன்னும் ஆழம் மிஞ்சியிருந்த குழி அது ஒன்றுதான். வெயில் கொளுத்தியது. தண்ணீர் சுண்டியது. உப்பு கண்ணை எரித்தது. கொக்குகள் குழியைச் சுற்றி ஒற்றைக் காலில் நின்றன. விசாலம் பகல் முழுவதும் இறக்கை மாதிரி விரிந்த துடுப்பால் மணலை அள்ளி அள்ளிக் குட்டிகளின் மேல் போர்த்திக்கொண்டே இருந்தாள். தன்னால்தான் இவை சாகப் போகின்றன என்ற நினைப்பு அவளை விடவே இல்லை.

மேலே பச்சையம்மா காய்ந்து கிடந்தாள். இப்போதுதான் விசாலத்துக்கு அவளைப் பார்த்து அழுகை வந்தது.

"செத்துட்டியா பச்சையம்மா?" என்று கேட்டாள். "மூணு தரம் சொன்னியே. மூணு தரமும் நீ எவ்வளவு காஞ்சிருக்கன்னுதானே நான் பாத்தேன். உன் வாயைப் பாக்கவே இல்லையே."

இருந்தாலும் தினமும் அவளோடு பேசினாள். பழைய கடல் கதைகளைச் சொன்னாள். ஆமைகள் மேயும் புல்வெளியைப் பற்றிச் சொன்னாள். 'அப்புறம்?' என்று கேட்க ஆள் இல்லாததால் கதைகள் பாதியிலேயே நின்றுபோயின. குட்டிகள் மட்டும் மணலுக்கடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தன.

அப்படி இருக்கையில் ஒருநாள் மேற்கே மலைப் பக்கம் கறுத்தது. தூரத்தில் இடி உருண்டது. கழியில் ஒரு சொட்டு விழவில்லை. விசாலம் பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

விடிந்து பார்த்தால் பாறையில் ஈரம். கரட்டுக்குள்ளிருந்து தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. விசாலம் பார்த்துக்கொண்டே இருந்தாள். துரு மாதிரிக் கிடந்த பாசி மெல்ல உப்பியது. சுருண்ட இலை ஒவ்வொன்றாக விரிந்தது. பழுப்புக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்த்தது.

"யாரு, விசாலமா?" என்றாள் பச்சையம்மா தூக்கக் கலக்கத்தில். "நீ இன்னும் போகலையா?"

"நீ உயிரோடதான் இருக்கியா!"

"எனக்கென்ன? தண்ணி இல்லாட்டித் தூங்குவேன், வந்தா எழுந்துருவேன். நீ ஏன் போகலை?"

"நீ சொன்னப்ப நான் கேக்கலை."

"சரி, இப்பக் கேளு" என்றாள் பச்சையம்மா. குத்திக்காட்ட அவளுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. "தண்ணி சும்மா கசியலை, அழுத்தி இறங்குது. மேல மலையில நல்ல மழை. ஆறு பின்னாலயே வருது. ஆனா இது கோடை மழை. ஒரு வீச்சுல வாயைத் தொறக்கும், கொஞ்ச நேரத்துல கடல் மறுபடியும் மூடிரும். நீ இந்தக் குழியில இருந்தா உடம்பைத் திருப்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும். இப்பவே போய் மணல் மேட்டு ஓரமாப் படுத்துக்க."

"அங்க ஒரு சாண் தண்ணிதானே இருக்கு? கொக்கு அங்கயும் நிக்குதே."

"ஒரு சாண் உனக்குப் போதும். மணலைப் போத்திக்கிட்டு அசையாமப் படு. அதுல உன்னை மிஞ்ச ஆள் உண்டா?"

விசாலம் குட்டிகளை எழுப்பினாள். அந்த நேரம் பார்த்து எடைமுத்து மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அக்கா! பாசி பச்சையாயிட்டா. பட்டம் கேள்விக்குறி ஆயிருச்சு. இப்பவே மறு ஒப்புப் பாக்கணும். சேறு கொண்டாங்க."

"அப்புறம் பாக்கலாம் தம்பி."

"அப்புறம்னா பட்டம் அவளுக்குப் போயிரும். தாழங்கழிப் பெரியவள் பாசின்னு நான் கூவ வேண்டியிருக்கும். காஞ்சு செத்து எந்திரிச்சு வந்திருக்கா, அது ஒண்ணே போதும் அவளைத் தூக்க. ஊரே சிரிக்கும் அக்கா உங்களை."

ஒரு கணம் விசாலத்துக்குப் பழையபடி சுருக்கென்றது. அதை மறைப்பானேன்? காது பெரிய கொடுக்குப் பக்கம் திரும்பத்தான் செய்தது. அப்போது ஒரு குட்டி அவள் இறக்கையில் இடித்தது. அது மெலிந்து, தோல் வெளுத்து, அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றது.

"பட்டத்தை அவளுக்கே குடுத்துரு தம்பி" என்றாள் விசாலம். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மணல் மேட்டின் ஓரத்தில் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. முதுகு மூழ்கும் அளவுதான் ஆழம். விசாலம் இறக்கைகளை அசைத்து மணலைத் தன் மேலும் குட்டிகளின் மேலும் போட்டுக்கொண்டாள். கண்கள் மட்டும் வெளியே. கொக்கு ஒன்று அடி மேல் அடி வைத்து நடந்து வந்தது. ஒரு குட்டியின் வால் நுனி மணலுக்கு வெளியே தெரிந்தது. கொக்கு கழுத்தை வளைத்தது. விசாலம் தன் வாலை மட்டும் மெல்லத் தூக்கி முள்ளைக் காட்டினாள். கொக்குக்கு அந்த முள்ளைத் தெரியும். எதுவும் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

வெயில் உச்சிக்கு வந்தது. ஆறு வரவில்லை. குட்டிகள் முனகின. பச்சையம்மா தப்பாகச் சொல்லியிருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனாலும் விசாலம் அசையவில்லை. 'அவள் சொன்னால் சரியாக இருக்கும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் தண்ணீர் குளிர்ந்தது. பிறகு கலங்கியது. சருகும் குச்சியும் நுரையுமாக ஆறு கழிக்குள் நுழைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மட்டம் ஏறியது. மேட்டின் தலையில் ஒரு கோடு போல வழிய ஆரம்பித்தது. கோடு ஓடையானது. ஓடையின் இரு கரையும் பொத்துப் பொத்தென்று சரிந்தன.

"என் இறக்கையை ஒட்டியே வாங்க, விடாதீங்க!" என்றாள் விசாலம்.

மணலை உதறிக்கொண்டு எழுந்து, அகலமாக விரித்தாள். வெள்ளம் அவளை இலையைத் தள்ளுவது மாதிரித் தள்ளிக்கொண்டு போனது. இந்தத் தரம் எந்தத் தோளும் எங்கும் இடிக்கவில்லை. குளிர்ந்த, ஆழமான, உப்பு அளவான கடல்தண்ணீர் மூன்று பேரையும் வாங்கிக்கொண்டது. குட்டிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. விசாலம் அவற்றைப் பார்த்துக்கொண்டே அடியில் போய்ப் படுத்தாள். அன்றைக்குப் பட்ட நிம்மதியை அவள் யாரிடமும் அளந்து காட்ட விரும்பவில்லை. பொழுது சாய்வதற்குள் வாய் மறுபடியும் மூடிவிட்டது. மூடும் சத்தம் வெளியிலிருந்து அவளுக்குக் கேட்டது.

கோடை போய் மழைக்காலம் வந்தது. ஆறு கரை புரண்டு பாய்ந்தது. வாய் திறந்தது. தாய் மீன்கள் வரிசையாக உள்ளே வந்தன. அந்த வரிசையில் விசாலமும் வந்தாள். கழிக்குள் நுழைந்ததும் நேரே பாறையடிக்குத்தான் போனாள். பச்சையம்மா கும்மென்று பச்சைப் பசேலென்று இருந்தாள். போன வருஷத்தை விட ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. விசாலம் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"பிள்ளைங்க எப்படி இருக்கு?" என்றாள் பச்சையம்மா.

"உன் புண்ணியத்துல தனியா மேயப் போயிருச்சுங்க. அது கெடக்கட்டும், இங்க என்ன சேதி? அதைச் சொல்லு முதல்ல."

பச்சையம்மா சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் சேற்று மேட்டிலிருந்து எடைமுத்து கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "வாங்க அக்கா, வாங்க! புது வருஷம், புது ஒப்பு. நீங்க பெரியவளா, அவ பெரியவளா, இப்பவே பாத்துரலாம்."

"கொஞ்சம் சும்மா இரு தம்பி" என்றாள் விசாலம். "அவ பேசறது எனக்குக் கேக்க மாட்டேங்குது."

அடுத்தவரை அளந்துகொண்டே இருப்பவரின் காதில், அந்த அடுத்தவர் சொல்லும் நல்ல சொல் ஏறுவதில்லை.